மூடிய தண்டும் திறந்த தண்டும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

தமிழ் விழா மேடையில் மோட்டார் வண்டியின் அடிவயிற்றைப் பற்றியா பேச்சு என்று சிலர் புன்னகை புரியக்கூடும். பழைய கார்களைத் தேடிப் பேணும் ஆர்வம் நம்மவரிடையே உண்டு; அதனுடன் தவறான எண்ணம் ஒன்றும் உலவுகின்றது. அது குறித்தே பேச விழைகின்றோம்.

எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு செல்லும் நெடுந்தண்டு சில கார்களில் ஒரு குழாய்க்குள் மறைந்திருக்கும். சிலவற்றில் வெளியே தெரியும். குழாயை வெறும் உறை எனக் கருதி, அதனை அறுத்தெறிந்து திறந்த தண்டை மாட்டிவிடலாம் என்பாருளர். அவ்வாறு செய்த வண்டியில் ஏறுவது ஆபத்தாகும்.

ஏனெனில், சக்கரங்கள் முன்னோக்கி உருளும்போது அவற்றைச் சுழற்றும் அச்சின் கூடு எதிர்ப்புறமாகத் திருகிக்கொள்ள முயலும். சக்கரம் தரையை உதைத்துப் பெறும் உந்துதலும் ஏதேனும் ஒரு வழியாக வண்டியின் உடலை அடைதல் வேண்டும். இவ்விரண்டையும் தாங்குவது எது என்பதிலேதான் வேறுபாடு. மூடிய முறையில் 'டார்க் டியூப்' எனப்படும் அக்குழாயின் பின்முனை அச்சுக் கூட்டோடு இறுகப் பிணைந்திருக்கும். முன்முனை கியர் பெட்டியின் பின்னே குமிழ் போன்ற மூட்டில் அமர்ந்திருக்கும். திருகலைத் தடுப்பதும் வண்டியை முன்தள்ளுவதும் குழாயே. திறந்த முறையை ஹாட்ச்கிஸ் முறை என்பர். பீரங்கி செய்து பெயர் பெற்றுப் பின்னர் கார் செய்த பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர் அது. அதில் நீளவாக்கில் அமைந்த பட்டைவில்கள் இரண்டும் அச்சுமைகளை ஏற்கின்றன. தண்டுக்குச் சுழல்வது ஒன்றே வேலை.

1908இல் வந்த ஃபோர்டு 'டி' காரை நோக்குங்கள். அதன் பின்புறத்தில் குறுக்குவாட்டில் ஒரே பட்டைவில். குறுக்கே கிடக்கும் வில் வண்டியை எங்ஙனம் முன்தள்ளும்? ஆதலின் குழாய் இன்றியமையாததாயிற்று. ஃபோர்டு கார்களில் 1948 வரை குழாய் நீடித்தது. 1949ஆம் ஆண்டு மாதிரியில் நீளவாக்கு வில்கள் வந்தன, உடன் திறந்த தண்டும் வந்தது. செவ்ரோலே 1955இல் மாறிற்று. பியூக் 1938 முதல் பின்புறம் சுருள்வில் வைத்தது. சுருள்வில்லாலும் அச்சை முன்பின் அசையாது நிறுத்த இயலாது. எனவே 1960 வரை குழாயை விடவில்லை. 1961இல் விட்டபோதும், குழாய் செய்த வேலைக்கென இணைப்புக் கைகளை அமைத்தது. குழாயை அறுப்போர் மறப்பது இதனைத்தான்.

திறந்த முறைக்கும் சிறப்பு உண்டு. உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசிடர் அம்முறையினதே. சாலையோர மெக்கானிக் படுத்தவாறே சில போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை இறக்கிவிடுவார். குழாய்க் கார்கள் பலவற்றில் கியர் பெட்டியை இறக்கப் பின் அச்சு முழுவதையும் பின்னே நகர்த்த வேண்டும், அப்பாடு பெரும்பாடு! ஆயினும் குழாய்க்குள் இருக்கும் ஒற்றை மூட்டுக்குப் புழுதியும் சேறும் அணுகா. திறந்த தண்டின் இரு மூட்டுகளோ அவ்விரண்டிலும் உழல்வன. விரைந்து கிளம்புகையில் பட்டைவில்கள் முறுக்கேறி அச்சு குதிப்பதும் உண்டு.

குழாய்க் கார் வைத்திருப்போர்க்கு இன்னொன்று. கியர் பெட்டியில் எண்ணெய் குறையும். தரையிலோ ஒரு துளியும் இராது. முன் மூட்டருகே உள்ள அடைப்பு வளையம் தேய்ந்தால் எண்ணெய் குழாய் வழியே பின் அச்சுக்குள் இறங்கிவிடும். அங்கு மிகுந்து சக்கரப் பிரேக்குகளிலும் கசியலாம். ஆகவே கியர் பெட்டியில் எண்ணெய் குறைந்தால், ஊற்றுவதற்கு முன் பின் அச்சின் மட்டத்தையும் திறந்து பாருங்கள்.