பொருள் செய்யும் பிள்ளைகள்

(புனே விமான் நகரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைப் பேச அழைத்தபோது, "ஹார்ட்வேர் ஸ்டார்ட்-அப் பற்றிப் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆத்தில் அதைக் கேட்டதும், "ஆணி, தாழ்ப்பாள் கடையா? அதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கு?" என்றாள் என் மனைவி. உங்களில் சிலருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கலாம். நான் சொல்வது ஆணிக் கடையை அல்ல. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு புதுப் பொருளை யோசித்து, செய்து, விற்று, கெட்டுப்போனால் சரி பண்ணியும் தரவேண்டிய புதுக் கம்பெனிகளைத்தான்.

இதைப் பேச விமான் நகர் பொருத்தமான இடம். இங்கிருந்து நகர் ரோடில் கொஞ்ச தூரம் போனால் கராடியின் சாஃப்ட்வேர் ஆபீஸ்கள். விஷ்ராந்த்வாடி வழியாகத் திரும்பினால் போசரி தொழிற்பேட்டை, அதற்கப்பால் பிம்ப்ரி-சிஞ்ச்வட். நம் வீடுகளில் அப்பாக்கள் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பக்கம் போனோம். பிள்ளைகள் லேப்டாப் பையோடு இந்தப் பக்கம் போகிறார்கள். நான் 33 வருஷம் உற்பத்திப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதுதான் இன்று என் பேச்சின் சாரம்.

2019-ல் என் தங்கை பிள்ளை, நல்ல சம்பளத்தில் இருந்தவன், வேலையை விட்டான். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு பெட்டி செய்யப் போவதாகச் சொன்னான். கிராமத்துப் பால் சேகரிப்பு நிலையங்களில் குளிர்சாதனத் தொட்டியின் வெப்பம் ஏறினால், உடனே பொறுப்பாளரின் போனுக்குச் செய்தி அனுப்பும் பெட்டி. ராத்திரி கரண்ட் போய்ப் பால் திரிந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டான். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் பாலைப் பற்றிக் கேட்கவில்லை. "மாசம் எவ்ளோ வரும்?" என்றுதான் கேட்டோம். பெண் வீட்டார் ஜாதகம் கேட்டபோது, "பையன் என்ன பண்றான்?" என்ற கேள்விக்கு என் தங்கை தடுமாறிப் போனாள்.

அவர்கள் முதல் மாதிரிப் பெட்டியை மூன்றே மாதத்தில் செய்துவிட்டார்கள். புத்வார் பேட் தப்கீர் கல்லியில் சாமான் வாங்கி, வீட்டு மொட்டை மாடியில் சால்டர் செய்து முடித்தார்கள். அது வேலையும் செய்தது. இனி விற்க வேண்டியதுதான் என்று நினைத்தார்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒன்று செய்வது கெட்டிக்காரத்தனம். ஒரே மாதிரி ஆயிரம் செய்வது வேறு வித்தை.

சாஃப்ட்வேரில் தப்பு வந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி அனுப்பலாம். பிளாஸ்டிக் பெட்டிக்கு இரும்பில் மோல்டு வெட்ட வேண்டும். இவர்களுக்கு அதற்கே 6 லட்சம் ஆயிற்று. மோல்டில் இரும்பை மேலும் சுரண்டி எடுப்பது சுலபம். எடுத்த இடத்தில் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. பிறகு சிப்புகள். 2021-ல் உலகம் பூராவும் தட்டுப்பாடு வந்தபோது, சில வாரங்களில் வந்துகொண்டிருந்த சின்னச் சின்ன சிப்புகளுக்கு ஒரு வருஷம் வரை காத்திருக்கச் சொன்னார்கள். பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டன. 200 பெட்டி செய்பவனுக்கு வரிசையில் கடைசி இடம்.

அரசாங்க விதிகளும் உண்டு. மின் அடாப்டருக்கு பி.ஐ.எஸ். பதிவு வேண்டும், ப்ளூடூத், வைஃபை இருந்தால் டபிள்யூ.பி.சி. ஒப்புதல் வேண்டும். இவை தேவையானவைதான். ஆனால் பரிசோதனைக் கட்டணம் 200 பெட்டிக்கும் அதேதான், 2 லட்சம் பெட்டிக்கும் அதேதான்.

எல்லாவற்றுக்கும் மேல் பணச் சுழற்சி. சாமானுக்கு முன்பணம், வாங்குகிறவர் பணம் தருவதோ மூன்று மாதம் கழித்து. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் கண்டிப்பும் வந்திருக்கிறது. ஆனாலும், பெரிய வாடிக்கையாளரிடம் சட்டம் பேசிவிட்டு அடுத்த ஆர்டர் கேட்கச் சின்னப் பையனுக்கு தைரியம் வருமா?

கெட்டிக்காரர்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்களும் என்கோர் கம்பெனிப் பொறியாளர்களும் சேர்ந்து 2001-ல் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியைக் காட்டினார்கள். 2004-ல் வந்த அமிடா சிம்ப்யூட்டரைப் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்து கொடுத்தது. தொடுதிரை உண்டு, சாய்த்தால் அசைவை உணரும். ஐஃபோன் வந்தது 2007-ல்! ஆனால் சிம்ப்யூட்டர் விற்றதோ சில ஆயிரங்கள்தான். எண்ணிக்கை ஏறாமல் விலை இறங்காது. விலை இறங்காமல் எண்ணிக்கை ஏறாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் ஏதர் எனர்ஜியைத் தொடங்கினார்கள். முதலில் பேட்டரி மட்டும் செய்வதாகத்தான் எண்ணம். பேட்டரிக்கு ஏற்ற வண்டியே இல்லை என்று தெரிந்ததும், முழு ஸ்கூட்டரையும் தாங்களே செய்ய இறங்கினார்கள். 2016 பிப்ரவரியில் வண்டியைக் காட்டினார்கள். வாடிக்கையாளர் கைக்கு வந்தது 2018-ல். இன்று ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது; 2025 மே மாதம் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. நாம் பேப்பரில் படித்தது அந்த மே மாதத்தை. நடுவில் போன 12 வருஷத்தை யார் படித்தோம்?

நம் புனேயிலேயே சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர் இருக்கிறார். வயதான தாத்தா பம்பு செட்டைப் போடவும் அணைக்கவும் வயலுக்கு நடையாய் நடப்பதைப் பார்த்தவர். மொபைல் போனிலிருந்தே பம்பை இயக்கும் 'நானோ கணேஷ்' கருவியைச் செய்தார். 2009-ல் நோக்கியா நடத்திய போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. ராத்திரியில் மட்டும் கரண்ட் வரும் ஊர்களில் பாம்புக்கும் இருட்டுக்கும் பயந்து நடக்கும் விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்!

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மோல்டு வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமான் எங்கள் ஆத்துக்குச் சாப்பிட வந்தான். மாதிரிப் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, "மாமா, கொஞ்சம் பாருங்கோ" என்றான். வேலையை விட்டான் என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. "எனக்கென்னடா தெரியும் உங்க கம்ப்யூட்டர் சமாசாரம்" என்று சொல்லி, கையில்கூட எடுக்காமல் மோர்சாதத்துக்கு மாறிவிட்டேன்.

2022 கோடையில் 200 பெட்டிகள் போயின. ஜூன் மாதம் மழை பிடித்தது. ஆகஸ்டுக்குள் 61 பெட்டிகள் திரும்பி வந்தன. உள்ளே சர்க்யூட் போர்டு பச்சை பூத்துப் போயிருந்தது. பால் நிலையத்தார் பாக்கியை நிறுத்திவிட்டார்கள். ஒரு கூட்டாளி மாசச் சம்பளத்துக்கே திரும்பிப் போனான்.

அன்றுதான் அந்தப் பெட்டியை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வயர் பெட்டியின் தலைப்பக்கத்திலிருந்து உள்ளே போகிறது. மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்குகிறது. வயர் கீழிருந்துதான் ஏற வேண்டும், அதுவும் ஒரு வளைவு விட்டு ஏற வேண்டும் என்பது எங்கள் ஷாப் ஃப்ளோரில் நேற்றுச் சேர்ந்த ஃபிட்டருக்கும் தெரியும். அன்று மேஜையில் நான் பார்த்திருந்தால் 61 பெட்டிகளும் தப்பியிருக்கும்.

"இப்போதைக்குத் தலைகீழாக மாட்டுடா" என்றேன். "திரையில் எழுத்து தலைகீழா வருமே மாமா" என்றவன், தானே யோசித்து, "அதை ஒரு சாயங்காலத்தில் திருப்பிடலாம்" என்றான். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. புது பிராக்கெட் அடித்து மீதிப் பெட்டிகளைத் திருப்பி மாட்டினோம். அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கியதாக ஒரு புகார்கூட வரவில்லை. கம்பெனி இன்னும் லாபம் பார்க்கவில்லை, ஆனால் நடக்கிறது. பால் நிலையத்தார் மீண்டும் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்.

பாஷாணில் தேசிய ரசாயன ஆய்வகத்தை ஒட்டி 2007 முதல் வென்ச்சர் சென்டர் நடக்கிறது; சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா இருக்கிறது. இவர்களுக்கு இடமும் கருவிகளும் தர ஆள் உண்டு. ஆனால் வயர் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்ற ஞானம், ஓய்வு பெற்று நம் ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே எல்லா ஊர்களிலும் உள்ள அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம். உற்பத்தி, டூல் ரூம், தரப் பரிசோதனை, கொள்முதல், எக்சைஸ் என்று எந்தப் பிரிவில் இருந்திருந்தாலும் உங்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். மாதம் இரண்டு மணி நேரம் போதும். பணம் போட வேண்டாம், உபதேசமும் வேண்டாம். வீட்டுப் பிள்ளை ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தால், "எவ்ளோ வரும்?" என்று கேட்பதற்கு முன் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள்.