ஊர் திரும்புவோரும் காணி உறுதியும்

(வலிகாமத்தில் உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



கடல் கடந்து சென்ற நம் உடன்பிறந்தார் தம் வீட்டையும் தொழிலையும் ஊருக்கு மாற்றிக்கொண்டு வருவதில் உள்ள இடர்கள் யாவை என்று பேசுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். வாருங்கள், வந்து ஊரைக் கட்டியெழுப்புங்கள் என்று மேடைதோறும் அழைக்கிறோம். அழைப்பதற்குச் செலவில்லை. அழைப்பைக் கேட்டு ஒருவர் உண்மையிலேயே பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கிவிட்டால் அவர் எந்த வாசலைத் தட்டுவது, எந்தக் கந்தோரில் நிற்பது, எந்தக் காணியில் அத்திவாரம் வெட்டுவது என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா?

ஊர் விட்டுப் போய் மீள்வது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் மலாயாவுக்குக் கப்பலேறினர். அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயும் நிலைய அதிபராயும் இருந்து உழைத்தனர். மாதந்தோறும் மணியோடர் அனுப்பினர். முதுமையில் ஓய்வூதியத்தோடு மீண்டு வந்து கல்வீடு கட்டினர். அவர் போன இடத்திலும் வந்த இடத்திலும் ஆண்டது ஒரே முடி. காணி உறுதி பெட்டகத்துள் இருந்தது. பெட்டகத்தின் திறப்பு ஆச்சியின் மடியில் இருந்தது. 1983க்குப் பின் சென்றவரின் நிலை வேறு. அவர் உத்தியோகம் தேடிப் போகவில்லை. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு போனார். உறுதி எரிந்தது, அல்லது 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து நடந்த அந்த இரவில் எங்கோ தவறியது. போன நாட்டில் குடியுரிமையும் பெற்றார். பெற்ற அன்றே இந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அந்நியராயினார்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிச் செல்லல் வேண்டும். அவரை அந்நியராக்கும் சட்டம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அதே சட்டந்தான். 1987இல் வந்த திருத்தம் இரட்டைக் குடியுரிமைக்கு வழி திறந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவ்வழியில் நுழைய அகவை, கல்வித் தகைமை, சொத்து, வைப்புப் பணம் என்றிவற்றுள் ஏதேனும் ஒன்றைக் காட்டல் வேண்டும். கட்டணமும் சிறிதன்று. பாரிசில் இருபது ஆண்டு உணவகத்திற் கோப்பை கழுவிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், பட்டமும் இல்லை, பத்திரமும் இல்லை என்று வாயிலில் நிற்கின்றார். தான் பிறந்த ஊருக்குத் திரும்ப ஒருவர் தகைமைச் சான்றிதழ் காட்டுவது என்ன நியாயம்?

இரட்டைக் குடியுரிமை இல்லாது வருபவருக்கு நேர்வது யாது? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் அந்நியர்க்குக் காணி கைமாறுவதைத் தடுக்கின்றது. தாய் தந்தையரின் மறைவுக்குப் பின் முதுசமாக வருவதை அது தடுக்கவில்லை. விலைக்கு வாங்க முடியாது. அந்நியர் ஐம்பது வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிக்கும் அதே தடை. நீண்ட குத்தகை எடுக்கலாம். தொண்ணூற்றொன்பது ஆண்டு வரைக்கும் இடமுண்டு. இதில் ஒரு விந்தையைக் காணுங்கள். ஐந்து பிள்ளைகளுக்கு முதுசமாக வந்த வளவில் தங்கை தன் பங்கை விற்க விரும்புகின்றாள். கூட்டுரிமையாளனான தமையனுக்கே முதலில் விலை கூறல் வேண்டும் என்கிறது 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வடித்த நம் தேசவழமையின் வழிவந்த முன்கொள்வனவு உரிமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமும் அவ்வுரிமையைக் கூட்டுரிமையாளர்க்குக் காத்து நிற்கின்றது. தமையனோ கனடாக் குடிமகன். தேசவழமை, முதலுரிமை உனக்கே என்கின்றது; 2014ஆம் ஆண்டுச் சட்டம், உனக்கு உரிமையே இல்லை என்கின்றது. இடையில் வளவு பற்றையாய்க் கிடக்கின்றது.

எனவே வர எண்ணுவோர்க்கு எமது முதற் சொல் இது: சாமான் கட்டுவதற்கு முன் குடியுரிமையைக் கட்டுங்கள். இரண்டாவது, அங்கிருந்தே உறுதியைத் தேடத் தொடங்குங்கள். வீட்டிலிருந்த உறுதி எரிந்துபோனாலும் உரிமை எரிந்துவிடவில்லை. நொத்தாரிசு எழுதிய ஒவ்வோர் உறுதிக்கும் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்லும். காணியின் பெயர், பரப்பு, எல்லைகள், முன்னைய உரிமையாளர் பெயர் ஆகியவை தெரிந்தால் பதிவேட்டைப் புரட்டிப் பிரதி எடுக்கலாம். சகோதரர் ஒருவர் மெல்பேணிலும் ஒருவர் ஒஸ்லோவிலும் இருந்தால், அவர்களின் அற்றோர்ணித் தத்துவத்தை அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முன் முறைப்படி ஒப்பமிட்டுப் பெறல் வேண்டும். தொலைபேசியில், அண்ணா நீயே பார்த்துச் செய் என்று சொன்னது எந்த நீதிமன்றத்திலும் உறுதியாகாது.

இனி, எல்லாவற்றினும் கடினமானதைச் சொல்ல வேண்டும். அது வீட்டுக்குள் இருப்பவரைப் பற்றியது.

எம்மிடம் வந்த ஒரு விடயம். லண்டனிலிருந்து ஒருவர் தம் வளவில் பழச்சாறும் வற்றலும் செய்யும் தொழிற்சாலை அமைக்க வந்தார். வீட்டில் அவருடைய மச்சாள் இருந்தார். இருபத்தேழு ஆண்டுகள் இருந்திருக்கின்றார். செல் விழுந்த காலத்திலும் இருந்தார். 1995இல் எல்லோருடனும் இடம்பெயர்ந்து மறு ஆண்டு மீண்டு வந்து, இடிந்த கூரைக்குத் தம் தாலிக்கொடியை விற்று ஓடு போட்டார். கிணற்றைத் தூர் வாரினார். மாமரம் அவர் வைத்தது. வந்தவர் வீட்டை விடு என்றார். இருந்தவர் வீடு என்னுடையது என்றார். இருவருள் எவரையும் பொய்யர் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் உரிமையை ஒப்பாது, தடையின்றி, பத்தாண்டு ஒருவர் ஆண்டுவந்தால் அவருக்கு ஆட்சியுரிமை உண்டாகும். உரிமையாளரின் அனுமதியால் இருந்தவருக்கு அது எளிதிற் பிறவாது. கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி அனைவரின் ஆட்சியேயாம் என்று 1911இல் பிரிவிக் கவுன்சில் கொறயா வழக்கில் விதித்ததும் இன்றுவரை நம் நீதிமன்றங்களில் எடுத்தாளப்பெறுகின்றது. ஆயின் அனுமதி கொடுத்ததற்குச் சாட்சி யார்? கொடுத்த தகப்பனார் காலமாகிவிட்டார். ஒரு துண்டுக் கடிதந்தானும் இல்லை. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தில் போரினால் வழக்கிட இயலாதிருந்தோர்க்கு நிவாரணமாக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நல்லது. ஆயின் 2009 மே மாதத்திலிருந்து எண்ணினாலும் பத்தாண்டு 2019இல் நிறைந்துவிட்டது என்பதைப் புலம்பெயர்ந்தோரில் எத்தனை பேர் அறிவர்? போரோடு கடிகாரமும் நின்றுவிட்டதென்று அவர்கள் எண்ணியிருக்கின்றார்கள். அது ஓடிக்கொண்டேயிருக்கின்றது.

அவ்விருவரும் வழக்கிட்டிருந்தால் பிள்ளைகள் காலத்திலேனும் முடிந்திருக்குமோ அறியோம். பின் வளவில் இரண்டு பரப்பும், கிணற்றிற் பங்கும், ஒழுங்கைக்கு வழியும் மச்சாளுக்கு உறுதி எழுதி, வீட்டை உரிமையாளர் எடுத்துக்கொள்வதென்று முடிந்தது. அதற்கு நான்கு மாதமும் எண்ணிறந்த கோப்பைத் தேநீரும் செலவாயின. நம் தொழிலில் வரும்படி குறைந்த வேலை இதுவே. ஆயினும் இதைச் செய்யாது விட்டால் வருவோரும் இருந்தோரும் இரு கட்சியாவர். காத்துக் கிடந்தவரைக் கள்வர் என்பதும், ஓடித் தப்பியவரைத் துரோகி என்பதும் ஊருக்குள் இப்போதே கேட்கின்றன. அவற்றைக் கேட்டு மகிழ்வோர் கொழும்பில் உள்ளனர்.

மிகையாகச் சொல்கிறோம் என்று எண்ணுவீராயின் 2025ஆம் ஆண்டை நினைவு கூருங்கள். மார்ச்சு 28ஆம் நாள் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளிவந்தது. வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோருக, இன்றேல் அரசின் காணியென்று கொள்ளப்படும் என்பது அதன் பொருள். மூன்று மாதம்! உறுதி இழந்தவர், இடம்பெயர்ந்தவர், ஐரோப்பாவிலும் கனடாவிலும் தமிழகத்து முகாமிலும் இருப்பவர், இவர்களுக்கு மூன்று மாதம். எதிர்ப்பு எழுந்து, உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது. அந்நாட்களில் எமது வாசலுக்கு வந்தவர்கள் கொணர்ந்தவை யாவை? பழைய வரிச் சிட்டைகள், கல்யாணப் படங்கள், பனைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் கிழவரின் நினைவு. அடுத்த முறையும் நீதிமன்றம் நேரத்துக்கு வந்து காக்கும் என்று எவர் உறுதி கூறுவர்?

தொழிலை மாற்றிக்கொண்டு வருவது பற்றியும் சில சொற்கள். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் மிளகாய் அரைத்துப் பொதி செய்யும் பொறியைக் கொள்கலனில் ஏற்றி அனுப்பினார். காங்கேசன்துறையில் துறைமுகம் இருந்தும் கொள்கலன் கொழும்பிலேதான் இறங்கும். பத்திரம் ஒன்று குறைந்தது. துறைமுகத்திற் கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறியது. ஒருவாறு ஊர் வந்து சேர்ந்தபின் பொறி சரிவர ஓடவில்லை. அங்கே மின்சாரம் 120 வோல்ற்று, வினாடிக்கு 60 சுழற்சி. இங்கே 230 வோல்ற்று, 50 சுழற்சி. வோல்ற்றை மாற்றும் பெட்டி கடையிற் கிடைக்கும். சுழற்சியை அது மாற்றாது. அங்கு செய்த மோட்டர் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சூடேறி ஓடும். இச்சபையில் இருக்கும் பொறியியலாளர் எவரேனும் ஒரு கடிதத்தில் இதை முன்னரே எழுதியிருக்கலாம். அவரை எவரும் கேட்கவில்லை. அவரும் வலியச் சென்று சொல்லவில்லை. வான் வண்டியைக் கூடவே கொண்டுவரலாமா என்று கேட்போரும் உளர். கனடாவிலும் பிரான்சிலும் சுக்கான் இடப்புறத்தில், இங்கே வலப்புறத்தில். அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.

பணத்தை உண்டியல் வழியாக அனுப்பும் பழக்கம் போர்க்காலத்து விளைவு. வீட்டுச் செலவுக்கு அது உதவியது. தொழிலுக்கு முதலிடுவோர் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து அதன் வழியே கொண்டுவரல் வேண்டும். அன்றேல் பின்னொருநாள் முதலையோ இலாபத்தையோ வெளியே கொண்டுசெல்ல முயலும்போது, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை இராது. பலசரக்குக் கடை போட எண்ணுவோர் இன்னொன்றையும் அறிதல் நன்று. சில்லறை வணிகத்தில் அந்நியர் முதலிடுவதற்கு விதிகள் கேட்கும் தொகை, நம்மவர் கனவிலும் காணாத பெருந்தொகை. இங்கும் குடியுரிமையே முன்னிற்கின்றது.

தண்ணீரைப் பற்றிக் கமக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறில்லை, சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே நமக்குள்ள செல்வம், மிகுதியாய் இறைத்தால் உவர் ஏறும். சுன்னாகம் வட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் இழப்பீட்டுத் தீர்ப்பில் முடிந்ததையும் நீங்கள் அறிவீர்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் குழாயைத் திருகினால் நீர் வரும் என்று பழகியவர். தொழிற்சாலைக்கு இடம் பார்க்கும்போது ஆனி, ஆடியில் அக்கிணற்றின் நீர் எப்படியிருக்கும் என்பதை அயற்காணிக் கமக்காரர் ஒருவரே அவருக்குச் சொல்ல வல்லவர்.

கமக்காரரிடம் வேறொரு வேண்டுகோளும் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, வாய்ச் சொல்லாற் பெற்ற தோட்டங்களில் நம்மவர் பலர் வெங்காயமும் புகையிலையும் செய்கின்றனர். இன்னும் பல தோட்டங்கள் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கின்றன. ஏன்? கொடுத்தால் திரும்ப வராது என்று உரிமையாளர் அஞ்சுகின்றார்; நாளை எழுப்பிவிடுவார் என்று செய்பவர் அஞ்சி எருப் போடவும் தயங்குகின்றார். இரண்டு அச்சத்துக்கும் மருந்து ஒன்றே. எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பெறாவிடின் சட்டத்தில் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள விதி. வயற்காணிக்குச் சட்டம் வேறு. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் தொடங்கி 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பு உண்டு. வயலைக் கொடுப்பவர் அதை அறிந்தே கொடுத்தல் வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுக்கொண்டேயிருப்போம். இந்நாட்டிற் பிறந்து போரினால் வெளியேறியவர்க்கும் அவர் பிள்ளைகளுக்கும் தகைமையோ பெருங்கட்டணமோ இன்றிக் குடியுரிமை மீளல் வேண்டும். 1990இல் வெளியேற்றப்பட்ட வலிகாமம் வடக்கு மக்களின் காணிகளில் இன்னும் படையினர் வசம் உள்ளவை விடப்படல் வேண்டும். காணி உரிமை பற்றிய எந்த அறிவித்தலும் தூதரகங்கள் வழியாகத் தமிழில் போதிய கால எல்லையோடு சென்று சேர்தல் வேண்டும். கேட்டது கிடைக்கும்வரை கைகட்டி இருத்தல் ஆகாது.

ஆகவே ஊர்தோறும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கறிஞர் ஒருவரும், நில அளவையாளர் ஒருவரும், காணி எல்லையறிந்த மூத்த கமக்காரர் இருவரும் பாடசாலை மண்டபத்திலோ கோயில் மடத்திலோ அமர்வதென்று முடிவு செய்வோம். வெளிநாட்டிலுள்ளோரின் உறவினர் வரலாம். இப்போது அவ்வீட்டில் இருப்போரும் வரலாம். இருவரும் ஒருங்கே வந்தால் அதனினும் நன்று. கட்டணம் இல்லை. வரும்போது உறுதியின் பிரதியையும், இருந்தால் நில அளவைப் படத்தையும், பெற்றோரின் மரணச் சான்றிதழையும் கொண்டுவாருங்கள். பிரதியே போதும். மூல உறுதியை எவரிடமும் விட்டுச் செல்லாதீர்கள். எம்மிடமும் விட்டுச் செல்லாதீர்கள்.