ரிப்போர்ட் வந்தாச்சு, முடிவு இன்னும் வரலை: மூட்டுவலிச் சொற்களைப் புரிந்துகொள்வோம்

(மகளிர் சுய உதவிக்குழு உறுப்பினர்களுக்கான நலவாழ்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பாசிட்டிவ்' என்றால் நல்லதா, கெட்டதா? பேச்சில் நல்லது என்கிறோம். "பாசிட்டிவா யோசி" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே சொல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வந்தால் நெஞ்சு படபடக்கிறது.

மூட்டுவலிக்கு டெஸ்ட் எடுத்துவிட்டு, மூட்டு நோய் டாக்டரைப் பார்க்கும் தேதிக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய பேர். கையில் ரிப்போர்ட் இருக்கும். என்ன நோய் என்ற முடிவு இருக்காது. அந்த நாட்களில் அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் டாக்டர் இல்லைங்க. தகவல்களை எளிமையாக எழுதுவது என் வேலை. அதனால் எந்த மருந்து சாப்பிடலாம் என்று சொல்லப் போவதில்லை. சொற்களுக்குப் பொருள் சொல்கிறேன்.

முதல் சொல் 'வாதம்'. பக்கவாதம் என்றால் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடுவதாலோ, மூளையில் ரத்தக்கசிவு ஏற்படுவதாலோ வருவது. இளம்பிள்ளை வாதம் என்றால் போலியோ, அது வைரஸால் வருவது. முடக்குவாதம் என்பதை ஆங்கில வழக்கில் 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்', சுருக்கமாக 'ஆர்.ஏ.' என்பார்கள். இது மூட்டு நோய். மூன்றிலும் 'வாதம்' இருக்கிறதே தவிர, ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. "முடக்குவாதமா இருக்கலாம்" என்று டாக்டர் சொன்னால், கை கால் விழுந்துவிடும் என்று பொருள் இல்லை.

அடுத்தது 'அழற்சி'. அழல் என்றால் தீ. மூட்டு சூடாகி, வீங்கி, வலிக்கிறது அல்லவா? அதுதான் அழற்சி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறிப்போய் சொந்த மூட்டையே தாக்குவதால் ஆர்.ஏ.வில் அழற்சி வருகிறது. வயதாக ஆக வரும் மூட்டுத் தேய்மானம் வேறு. தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும், உட்கார்ந்தால் குறையும். அழற்சி வலி பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, ஜாக்கெட் கொக்கி மாட்ட வராது. அரை மணி, ஒரு மணி நேரம் கைகால் அசைந்த பிறகுதான் இறுக்கம் விடும்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

'ஈ.எஸ்.ஆர்.' என்ற வரியைப் பாருங்கள். ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் செங்குத்தாக நிறுத்தி வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்பதுதான் அந்த எண். அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகை இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், காசநோய் இருந்தாலும் எண் கூடும். வயது ஏற ஏறவும் கூடும்.

'சி.ஆர்.பி.' என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930-ல் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற பொருளோடு இது வினைபுரிந்ததால் பெயரில் 'சி' வந்தது. புற்றுநோய்க்கும் அந்த எழுத்துக்கும் தொடர்பில்லை. அழற்சியிலும் இது கூடும், சாதாரணத் தொற்றுக் காய்ச்சலிலும் கூடும்.

இந்த இரண்டும் புகை மாதிரி. எங்கோ நெருப்பு இருக்கிறது என்று சொல்லும். எந்த வீட்டு அடுப்பு என்று சொல்லாது.

அடுத்து 'ஆர்.ஏ. ஃபேக்டர்', சில ரிப்போர்ட்டில் 'ஆர்.எஃப்.' என்று இருக்கும். நிறைய பேரைக் குழப்புவது இதுதான். பெயரிலேயே 'ஆர்.ஏ.' இருப்பதால், பாசிட்டிவ் என்றால் ஆர்.ஏ. உறுதி என்று நினைத்துவிடுகிறோம். இது ரத்தத்தில் உள்ள ஓர் எதிர்ப்பொருள், அவ்வளவுதான். நோயே இல்லாத சிலருக்கும், வயதானவர்களுக்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி தொற்று உள்ளவர்களுக்கும் பாசிட்டிவ் வரலாம். மறுபக்கம், ஆர்.ஏ. நோயாளிகள் 100 பேரை எடுத்தால் ஏறக்குறைய 20 முதல் 30 பேருக்கு இது நெகட்டிவ்!

'ஆன்ட்டி சி.சி.பி.' என்பது இன்னொரு எதிர்ப்பொருள் டெஸ்ட். இது பாசிட்டிவ் என்றால் ஆர்.ஏ. என்று சந்தேகிக்க இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. இதுவும் நெகட்டிவாக இருந்து நோய் இருக்கலாம். அதற்கு 'சீரோநெகட்டிவ்' என்று பெயர். "நெகட்டிவ்னு வந்துடுச்சு, ஒண்ணுமில்லை" என்று டாக்டரிடம் போகாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

முதுகுவலி, இடுப்பு இறுக்கம் உள்ளவர்களுக்கு 'எச்.எல்.ஏ. பி27' என்று எழுதுவார்கள். அது பிறவியிலேயே வரும் மரபணு அடையாளம். அது இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க அந்த நோய் வருவதே இல்லை.

ஓ.பி. சீட்டிலும் சில குறிகள் இருக்கும். நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி போட்டிருந்தால் சந்தேகம் என்று பொருள். 'ஆர்/ஓ' என்று எழுதியிருந்தால், அந்த நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று பொருள். 'சி/ஓ' என்றால் நோயாளி சொன்ன தொந்தரவு. இந்த மூன்றும் தீர்ப்பு கிடையாது.

அப்படியானால் டாக்டர் எதை வைத்து முடிவு செய்கிறார்? அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு நோய் மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து 2010-ல் ஓர் அளவுகோல் வெளியிட்டன. ஆராய்ச்சிக்காக நோயை வகைப்படுத்த வந்தது, டாக்டர்களுக்கும் வழிகாட்டுகிறது. மொத்தம் 10 மதிப்பெண், 6 வந்தால் ஆர்.ஏ. என்று வகைப்படுத்துவார்கள். எத்தனை மூட்டு, எந்த மூட்டு என்பதற்கு 5 வரை. எதிர்ப்பொருள் டெஸ்டுகளுக்கு 3 வரை. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.க்கு 1. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் 1.

கூட்டிப் பாருங்கள். லேப் தரக்கூடியது அதிகபட்சம் 4. மீதி 6-ம் உங்கள் மூட்டும் நீங்கள் சொல்லும் விவரமும் தருவது. ரிப்போர்ட் மட்டும் வைத்து 6-ஐத் தொடவே முடியாது. ஆக, காத்திருக்கும் நாட்களில் நாம் சேகரிக்கும் விவரத்துக்கு லேப் தாளை விட மதிப்பு அதிகம்.

என்ன சேகரிக்கலாம்?

ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள். எந்த மூட்டு வலித்தது, எது வீங்கியது, காலை இறுக்கம் எத்தனை நிமிடம். "ரொம்ப நேரம்" என்று எழுதாதீர்கள். "ஆறு மணிக்கு எழுந்தேன், ஏழு மணிக்குத்தான் துணி பிழிய முடிந்தது" என்று எழுதினால் டாக்டருக்குப் புரியும். வீக்கம் தெரியும் நாளில் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வீக்கம் வடிந்திருக்கலாம்.

சிக்குன்குனியா வந்ததா, எப்போது வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2006-ல் அது தமிழ்நாட்டில் பரவியபோது பலரை மூட்டுவலியில் படுக்க வைத்தது. அந்த வலி மாதக்கணக்கில் நீடித்து, ஆர்.ஏ. மாதிரியே காட்டலாம். உங்களுக்கோ குடும்பத்திலோ சொரியாசிஸ் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தோல் நோய் தானே என்று விட்டுவிடாதீர்கள், அதோடு சேர்ந்து வரும் மூட்டழற்சி ஒன்று இருக்கிறது.

செய்யக்கூடாதது ஒன்று. மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். இரண்டே நாளில் வீக்கம் அமுங்கும், அற்புதம் போலத் தோன்றும். ஆனால் டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டிய வீக்கம் மறைந்துவிடும். ஏற்கெனவே பல நாட்களாகச் சாப்பிட்டு வந்தால், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. ஒரே மூட்டு திடீரென வீங்கி, சிவந்து, கொதித்து, கூடவே காய்ச்சலும் வந்தால் தேதி பார்க்காதீர்கள். மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ரிப்போர்ட் கேட்பதும் விளக்கம் கேட்பதும் நம் உரிமை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மருந்துச் சீட்டு படிக்கும்படி தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் விதிதான். புரியவில்லை என்றால், "டாக்டர், இது சந்தேகமா, உறுதியா? அடுத்து எப்போ வரணும்?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வி போதும். தேதி வரும்வரை சந்தேகம் இருந்தால் 104 சுகாதார உதவி எண்ணுக்குப் பேசலாம். மூட்டு நோய்களுக்கென்றே தனித் துறை உள்ள அரசு மருத்துவமனைகளும் உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை அதில் ஒன்று.

இவ்வளவும் எதற்கு? ஆர்.ஏ.வாக இருந்தால், கவனிக்காமல் விட்ட முதல் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே எலும்பு அரிக்கத் தொடங்கலாம். அரித்த எலும்பு பழையபடி வராது. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் சேதத்தைப் பெருமளவு தடுக்க முடியும். 'பாசிட்டிவ்' பார்த்துப் பயந்து வீட்டில் முடங்குவதும், 'நெகட்டிவ்' பார்த்து நிம்மதியாகி விட்டுவிடுவதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்: தாமதத்தில்.

தேதி கொடுத்திருந்தால் அந்தத் தேதிக்குப் போங்கள். ரிப்போர்ட்டோடு உங்கள் நோட்டையும் எடுத்துப் போங்கள்.