துப்பாக்கி யார் கையில்? பழி யார் தலையில்?

(திருப்பூர் காதர்பேட்டையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடி. மீரா ஜும்ஆ பள்ளியிலும் ஹுஸைனிய்யா பள்ளியிலும் இஷா தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். 100-க்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. விடுதலைப் புலிகள் மறுத்தார்கள். உயிர் தப்பியவர்களின் சாட்சியமோ அவர்களையே சுட்டியது.

இதைப் பேசும்போது நம் வாலிபர்கள் சிலர், "தமிழர்கள் கொன்றார்கள்" என்கிறீர்கள். அப்படியா? அந்தக் கொலையைப் பதிவு செய்து உலகுக்குச் சொன்னவர்களில், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்ற அமைப்பினரும் உண்டு. அவர்கள் யார்? தமிழர்கள்தாமே! நாமும் தமிழர்கள்தாமே!

வியாபாரிகளே! உங்கள் கணக்கிலேயே கேட்கிறேன். பனியனில் தையல் பிசகினால் தைத்தவரைக் கேட்பீர்கள். ஆர்டர் எடுத்த கம்பெனியைக் கேட்பீர்கள். "ஜாப் ஒர்க்கில் நடந்தது, எனக்குத் தெரியாது" என்று முதலாளி தப்ப முடியுமா? அதற்காகப் பக்கத்துக் கம்பெனிக்கு டெபிட் நோட் அனுப்புவீர்களா? கொலைக்கும் அதுவே நியாயம். சுட்டவன் குற்றவாளி. ஏவியவன் அவனினும் பெரிய குற்றவாளி. அவன் பேசும் மொழி குற்றவாளியல்ல.

இனி நமக்குக் கசப்பானதையும் கேளுங்கள். 1992 ஏப்ரல் 29. பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் 50-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அன்றே பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான முத்துக்கல், கரப்பொலவில் 80-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் இருந்தார்கள். அவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தது இலங்கை அரசு. கொடுத்துவிட்டுக் கை கழுவிய அரசுக்கும் பொறுப்புண்டு. அதற்காக, சுட்ட நம்மவர் நிரபராதியாகிவிடுவாரா? முத்துக்கல் குழந்தை காத்தான்குடியில் சுட்டதா?

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளை. எதிரிக்கு ஒரு தராசு, நம்மவருக்கு வேறு தராசு என்றால் அது எந்த நீதி?

2009-இல் போர் முடிந்தது. காத்தான்குடிக்கும் நீதி கிடைக்கவில்லை, முத்துக்கல்லுக்கும் கிடைக்கவில்லை. ஆகவே வாலிபர்களே, ஆகஸ்ட் 3 வரும்போது காத்தான்குடியைப் பேசுங்கள், உரக்கப் பேசுங்கள். அதே மூச்சில் முத்துக்கல்லையும் சொல்லுங்கள். அப்போதுதான் நம் சாட்சியம் சபையேறும். அல்லாஹ் நம்மை நீதியின் பக்கம் நிற்கச் செய்வானாக!