ஊசி மருந்து தங்கும் இடம்

பஞ்சாயத்து அங்கத்தினர்களே, உழவர் பெருமக்களே!

யூரியாவை வேப்பம் புண்ணாக்குடன் கலந்து வயலுக்கு இடுவது ஏன் என்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. உரம் சிறுகச் சிறுகக் கரைந்து பல நாள் பயிருக்குக் கிடைக்கவேண்டும். மருத்துவத்திலும் அத்தகைய மருந்துகள் உண்டு. ஒருமுறை ஊசி போட்டால் மருந்து தசையிலே தங்கி, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். நம் நாட்டு அரசு மருத்துவ நிலையங்களில் 2017ஆம் ஆண்டு முதல் ‘அந்தரா’ என்னும் பெயரில் போடப்படும் கருத்தடை ஊசி இவ்வகையைச் சேர்ந்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படுவது.

உரம் வேரடியில் விழுந்ததா, வரப்பில் விழுந்ததா என்பதைக் கண்ணால் கண்டுவிடலாம். ஊசி மருந்து தசையை எட்டியதா, அதற்கு மேலுள்ள கொழுப்பிலேயே நின்றுவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? கொழுப்பில் இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே, தசைக்கென்று அளவிட்ட மருந்து அங்கே தங்கினால், அது உடலில் கலக்கும் வேகமே மாறிவிடும்.

அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் இதைச் சோதித்து, 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். உடலைக் குறுக்கே அரிந்து பார்த்தாற்போல் காட்டும் ஸி.டி. ஸ்கேன் படத்துக்காக வந்திருந்த ஆண்கள் 25 பேர், பெண்கள் 25 பேர். அவர்களுக்குப் பிட்டத்தில் போட்ட ஊசி மருந்துடன் 1 மில்லிலிட்டர் காற்றையும் சேர்த்துச் செலுத்தினர். காற்றுக் குமிழி படத்தில் கறுப்பாகத் தெரியுமாதலால், மருந்து சென்ற இடம் வெளிப்பட்டுவிடும். நல்ல யுக்தி! ஆண்களில் 56 விழுக்காட்டினருக்குத்தான் மருந்து தசையை எட்டியிருந்தது. பெண்களில் 8 விழுக்காடு. அதாவது இருபத்தைவரில் இருவர்.

இது நீண்டகால மருந்தை நோக்கி நடந்த சோதனையன்று. ஆயினும் ஊசி செல்லும் வழி ஒன்றே. நீண்டகால மருந்துகள் தசையினுள் எவ்வாறு பரவி, நாளடைவில் எவ்வாறு சுருங்குகின்றன என்பதை இப்போது எம்.ஆர்.ஐ. படத்தினாலும் அல்ட்ராஸவுண்டினாலும் ஆராய்கின்றனர். எச்.ஐ.வி. நோய்க்கென 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஊசி மருந்தும் இவ்வாராய்ச்சியில் அடங்கும்.

ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் படம் எடுக்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. அது வீண் செலவு. உடல்வாகுக்குத் தக்க நீளமுள்ள ஊசியைத் தேர்ந்தெடுப்பதே போதும். அது செவிலியரின் பொறுப்பு.

நம் பொறுப்பிலும் ஒன்று உண்டு. ஊசி போட்டவுடன் அவ்விடத்தை அழுத்தித் தேய்ப்பது நம்மவர் வழக்கம். அந்தரா ஊசிக்கு இது ஆகாது. வெந்நீர் ஒத்தடமும் ஆகாது. மருந்து விரைவிலே கரைந்துபோய், மூன்று மாதத்துக்கென்று நம்பியிருக்கும் பெண்ணுக்கு முன்னதாகவே பயன் குறையக்கூடும். பெண் அங்கத்தினர்கள் இதைத் தத்தம் வார்டில் வீடுதோறும் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.