துடிக்கிற இதயத்தில் ஆபரேஷன்

நான் பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. என் மாமியாருக்கு நடந்த இதய ஆபரேஷனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

அத்தைக்கு மார் வலிக்கவே இல்லை. தாடையிலும் முதுகிலும் வலி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வாயுன்னு சொல்லி ஓமத்தண்ணி குடிச்சுக்கிட்டு ஒரு வாரம் களையெடுக்கப் போனாங்க. பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஈ.சி.ஜி. எடுத்து, மதுரைக்கு அனுப்பி, ஆஞ்சியோ பார்த்ததில் மூணு குழாயில் அடைப்பு.

இதயத்தை நிறுத்தாமலே பைபாஸ் பண்ணப் போறோம்னார் டாக்டர். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன்னு உட்கார்ந்துட்டார். ஓடுற தேருக்கு அச்சாணி மாத்துற மாதிரியில்ல இருக்கு! டாக்டர் பொறுமையா விளக்கினார். வழக்கமா இதயத்தை நிறுத்திட்டு, அது வேலையையும் நுரையீரல் வேலையையும் ஒரு மெஷின் பார்க்கும். இதில் அந்த மெஷின் இல்லை. தைக்கிற இடத்தை மட்டும் ஒரு கருவி அசையாமப் பிடிச்சுக்கும், மற்றதெல்லாம் துடிச்சுக்கிட்டே இருக்கும். நெஞ்சுக்குள்ள இருக்கிற ரத்தக்குழாயையும் காலில் எடுத்த குழாயையும் வச்சு, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வழி தைப்பாங்க. நெஞ்செலும்பைத் திறக்கிறது ரெண்டு முறையிலும் உண்டு. எல்லோருக்கும் இது ஒத்து வராது, ஆளைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்களாம்.

1975-லேயே சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் நம்ம நாட்டின் முதல் பைபாஸைச் செஞ்சிருக்கார். 2023 ஜூனில் அமைச்சர் செந்தில் பாலாஜிக்குச் சென்னையில் நடந்ததும் இந்தத் துடிக்கிற இதய ஆபரேஷன்தான். அதைக் கேட்டதும், "மந்திரிக்குப் பண்ணினதா எங்கம்மாவுக்கும்?"னு இவர் பேனாவை வாங்கிட்டார்.

ஆபரேஷன் செலவு முதலமைச்சர் காப்பீட்டில் போச்சு. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் நம்ம குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். அன்னைக்கே கொடுத்தாங்க. வெளியே வட்டிக்கு வாங்கியிருந்தா இன்னும் கட்டிக்கிட்டிருப்பேன்.

மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாதுன்னாங்க. அத்தை நாலாவது வாரமே குடத்தை எடுத்தாங்க, பிடுங்கி வச்சேன். இப்போ நல்லா நடமாடுறாங்க, என்னை அதட்டுறாங்க.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வர்றவங்களை, "உலை கொதிக்குது, அப்புறம் வா"ன்னு அனுப்பாதீங்க.

வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தா காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும். கார்டு இல்லாதவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் கொடுங்க. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போறோம்.