தழைச்சாறும் மக்காச்சோளமும்

மழைக்காலம் பிறந்துவிட்டால் மும்பைத் தெருமுனைகளில் கரியடுப்பின்மேல் மக்காச்சோளக் கதிர் வாட்டும் மணம் எழும். உப்பும் மிளகாய்ப் பொடியும் எலுமிச்சையும் தடவிய கதிரைக் கடித்தவாறே மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ரயிலுக்கு விரைவோருள் நம்மவர் பலர். அவருட் சிலருக்கு ஊரில் சோளக்கொல்லையும் உண்டு. பெரம்பலூர்ப் பக்கத்திலோ திண்டுக்கல் பக்கத்திலோ தம்பி உழுகிறான்; விதைக்கும் உரத்துக்கும் பணம் தாராவியிலிருந்து போகிறது. அந்தத் தம்பி தொலைபேசியில் கேட்கிறான்: “அண்ணா, மரத்தழையையும் பட்டையையும் ஊறவைத்து அந்தச் சாற்றைத் தெளித்தால் யூரியாவே வேண்டாம் என்கிறார்களே, மெய்தானா?” பணம் அனுப்புகிறவர் என்ன விடை கூறுவது?

தழையின் பெருமையை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கொளிஞ்சி, எருக்கு, ஆவாரை, புங்கு ஆகியவற்றைச் சேற்றில் மிதித்து நெல் விளைவித்தவர் நம் முன்னோர். நைட்ரஜனைத் தமிழில் தழைச்சத்து என்கிறோம். பயிரைத் தழைக்கச் செய்வதும் அதுவே, தழையில் மிகுந்திருப்பதும் அதுவே. ஆயினும் கணக்கென்று ஒன்று இருக்கிறதல்லவா? வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 100 கிலோ தழைச்சத்து வேண்டுமென்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. யூரியாவானால் அது 5 மூட்டைக்குச் சற்றே குறைவு. பசுந்தழையில் முக்காற் பங்கு நீர். எஞ்சியதில் நூற்றுக்கு 3 பங்கு தழைச்சத்து என்று கொண்டால், ஒரு டன் தழை ஏழெட்டுக் கிலோவையே தரும். 100 கிலோவுக்கு 13 டன் தழை வெட்டியாக வேண்டும். நீரிற் கலந்து தெளிக்கும் சாற்றிலோ ஒரு கிலோவும் தேறாது.

அப்படியானால் சாறு வெறும் ஏமாற்றா? அன்று. இங்கேதான் நம் முருங்கை வருகிறது. நிகராகுவா நாட்டில் ஃபாய்டல் என்பாரும் அவர் கூட்டத்தாரும் முருங்கைத் தழைச் சாற்றைச் சாராயத்தில் வடித்து, 32 பங்கு நீர் சேர்த்து, செடிக்கு 25 மில்லிலிட்டர் வீதம் தெளித்தனர். மக்காச்சோளம் உள்ளிட்ட பல பயிர்களில் விளைச்சல் நூற்றுக்கு 20 முதல் 35 வரை கூடியதாக 2001இல் எழுதினர். பாகிஸ்தானிலுள்ள பைசலாபாத் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சாராயமின்றிப் பிழிந்து வடிகட்டி, 30 மடங்கு நீர்த்துச் சோதித்தனர். சாற்றில் இருப்பது உணவன்று. சியாட்டின் என்னும் வளர்ச்சி ஊக்கி. இலை விரைவில் பழுக்காமல் காப்பது அதன் தொழில். நியூசிலாந்தில் லெதம் என்னும் அறிஞர் 1963இல் இதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். எதிலிருந்து தெரியுமா? மக்காச்சோளத்தின் பிஞ்சு மணிகளிலிருந்து! ‘சியா’ என்பதே அப்பயிரின் தாவரவியற் பெயர். சோளம் தன் மணியில் வைத்திருப்பதையே முருங்கையும் தன் இலையில் வைத்திருக்கிறது.

பட்டையின் கதை வேறு. தாராவியில் முதியோர் இதனை நன்கறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். தமிழகத்துத் தோல் ஷாப்புகளிலோ ஆவாரம்பட்டைக்கு அந்நாளில் பெருமதிப்பு. ஆவாரையின் தழை வயலுக்குப் போக, பட்டை தோலுக்குப் போனது ஏன்? பட்டையிலுள்ள துவர்ப்பொருள் தோலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அழுகவிடாமற் காக்கும். அழுகாமை தோலுக்கு நலம், நிலத்துக்கு அன்று. அழுகினாலன்றி மண்ணில் சத்து வெளிப்படாது. எனவே பச்சைப் பட்டையும் பட்டைச் சாறும் உரமாகா. சாணத்தோடு பல திங்கள் மக்கிய பின்னரே பட்டையை நிலத்தில் இடலாம். பட்டை உரித்த மரம் பட்டுப்போகும் என்பதையும் நினைக்க வேண்டும்.

வேம்புக்குத் தனி இடம் உண்டு. 2018இல் படைப்புழு நம் நாட்டு மக்காச்சோளத்தில் புகுந்தபின், 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு வீதம் ஊறவைத்த கரைசலைத் தெளிப்பது உழவர்க்குப் பழக்கமாயிற்று. இதுவும் புழுவுக்கு மருந்தேயன்றிப் பயிருக்கு உணவன்று.

ஆகவே தம்பிக்கு நாம் சொல்லத்தக்கது இது. இவ்வாண்டு யூரியாவைக் குறைக்க வேண்டாம். வேலி முருங்கையில் தழை ஒடித்து அரைத்து, வடிகட்டி, 30 மடங்கு நீர் கலந்து அன்றே தெளிக்கட்டும். நான்கு வரிசைக்குத் தெளித்து, அடுத்த நான்கு வரிசையைத் தெளிக்காமல் விட்டு, இரண்டுக்கும் ஒரே அளவு உரம் இடட்டும். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே நிறுத்து, எடையை அண்ணனுக்குச் சொல்லட்டும். அடுத்த ஆண்டு உரத்துக்கு எவ்வளவு பணம் அனுப்புவது என்பதை அதற்குப் பின் இருவரும் பேசிக்கொள்ளலாம்.